குண்டு எட்டும் தூரம்

கடலூருக்கு அருகில் குண்டு உப்பலவாடி என்றோர் ஊர் உண்டு. அப்பெயரில் உள்ள குண்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. 1690ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் சென்று விழுமோ, அவ்வளவு நிலமும் ஊர்களும் அவர்களுக்கே உரியவை என்பது உடன்படிக்கை. அவ்வாறு சேர்ந்தவையே குண்டு கிராமங்கள். அவ்வூர்களில் உழுது பிழைத்த குடியானவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுட்டவர் சிலர், எல்லைக்குள் அகப்பட்டவர்களோ பலர்.

கடலூரில் பிறந்து, சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடக்கரை வயல்வெளியில் வாழ்க்கைப்பட்ட ஒரு சகோதரியின் இல்லத்தில் எழுந்த கருத்து வேறுபாட்டைக் கேட்டபோது, இந்தப் பழைய வரலாறே நம் நினைவுக்கு வந்தது. ஊரும் பேரும் இங்கே வேண்டுவதில்லை.

அவருடைய மாமனார் பயிர்க் காவலுக்கென்று உரிமம் பெற்று ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். அவர் இறைவனடி சேர்ந்ததும், சட்டப்படி அது காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. உரிமம் பெற்றவர் இறந்தால் வாரிசு அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ள இயலாது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி அதை ஒப்படைத்துவிட்டு, வேண்டுமானால் தம் பெயரில் உரிமம் கோரி மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பிக்கலாம். மகன் விண்ணப்பிக்க விரும்பினார். மனைவி வேண்டாம் என்றார்.

"வீடு வயலின் நடுவே தனியாக நிற்கிறது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவரும் இல்லை. அப்பா இருந்தவரை ஒரு திருடனும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அது அவர் கைப்பட்ட பொருள். அதை எப்படி விட்டுவிடுவது?" என்றார் கணவர்.

"தேர்தல் வரும்போதெல்லாம் மாமா அதைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வருவார் அல்லவா? அந்த நாட்களிலும் நாம் இதே வீட்டில்தானே உறங்கினோம்?" என்றார் மனைவி.

கணவர் விவிலியத்தைத் துணைக்கு அழைத்தார். ஆயுதம் தாங்கிய வலியவன் தன் மாளிகையைக் காத்தால் அவன் உடைமை பத்திரமாயிருக்கும் என்ற பொருளில் ஆண்டவரே பேசியிருக்கிறாரே என்றார். மனைவியோ கெத்சமனித் தோட்டத்தைச் சுட்டினார். பேதுரு அவசரப்பட்டு வாளை உருவியபோது வெட்டுண்டது பகைவர் தலைவனா? இல்லை, மால்குஸ் என்ற வேலைக்காரனின் காது. ஆண்டவர் வாளை உறையிலிடச் சொல்லி, அந்தக் காதைத் தொட்டுக் குணமாக்கினார். "உங்கள் குண்டு தவறிப் பட்டால் தொட்டுக் குணமாக்க இங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார் அவர்.

இருவரில் யார் சொல்வது திருச்சபையின் போதனை? தற்காப்பைத் திருச்சபை பாவம் என்று சொன்னதில்லை. பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றவர் அவர்களைக் காப்பது உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும் என்றும், அளவுக்கு மீறிய வன்முறை ஆகாது என்றும் 1992ஆம் ஆண்டில் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. ஆகவே கணவரின் எண்ணத்தில் குற்றமில்லை. கேள்வி வேறு: காப்பதற்கென்று கொண்டுவரும் பொருள் உண்மையில் காக்கிறதா?

துப்பாக்கியில் தோட்டா இடாமல் ஒரு பெட்டியிலும், தோட்டாக்களை வேறொரு பெட்டியிலும் பூட்டி வைப்பதே பாதுகாப்பான முறை. அவ்வாறு வைத்தால், நள்ளிரவில் திருடன் வரும் வேளையில் அது உதவாது. உதவும்படி தலைமாட்டில் தோட்டாவுடன் வைத்தால், அது திருடனுக்கு மட்டுமா ஆயத்தமாயிருக்கிறது? விளையாட்டுப் பிள்ளைக்கும், குடிவெறிக்கும், ஒரு நிமிடக் கோபத்துக்கும் ஆயத்தமாயிருக்கிறது. பயிர்க் காவல் என்றாலோ, காட்டுப்பன்றியும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. துப்பாக்கிக்கு உரிமம் இருப்பதாலேயே அதைச் சுட உரிமை வந்துவிடாது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1 கோடியே 76 இலட்சம் பேரைக் குறித்த ஓர் ஆய்வு 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. தாம் கைத்துப்பாக்கி வைத்திராமல், வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்வோர் கொலையுண்டு இறப்பது, துப்பாக்கியில்லாத வீடுகளில் வாழ்வோரைவிட இரு மடங்குக்கும் மேல் என்றும், வாழ்க்கைத் துணையால் சுடப்பட்டு இறப்பது ஏறத்தாழ 7 மடங்கு என்றும் அது கண்டது. நம் நாட்டு நிலை வேறுதான். ஆயினும் மனித மனம் எங்கும் ஒன்றே அன்றோ?

நம் மாவட்டத்திலேயே இதற்கோர் உறவுடைய பாடம் உண்டு. சிதம்பரத்தை அடுத்த காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடன் உழைத்தவர்களும் பூச்சிமருந்துகளை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவிடத்தில், வங்கிப் பெட்டகம் போன்ற பூட்டறைகளில் வைக்க ஏற்பாடு செய்தனர். அவ்வூர்களில் பூச்சிமருந்தால் நேரும் தற்கொலைகள் குறைந்தன என்று 2013ஆம் ஆண்டில் வெளியான அவர்களது ஆய்வு கூறுகிறது. அங்கே கடன் தீர்ந்துவிடவில்லை, கவலை ஒழிந்துவிடவில்லை. கைக்கும் நஞ்சுக்கும் இடையே சிறிது தூரம் உண்டாயிற்று, அவ்வளவே. அந்தத் தூரத்தில் மனம் திரும்புகிறது, உயிர் தங்குகிறது.

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஓர் இரவில்தான், அந்தச் சகோதரி அதுவரை சொல்லாததைச் சொன்னார்.

"என்னங்க, திருடனுக்கு நான் அஞ்சவில்லை. சம்பா முழுதும் வெள்ளத்தில் போன ஆண்டில், மூன்று இரவு உறங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தீர்களே, அந்த இரவுகளுக்குத்தான் அஞ்சுகிறேன். அப்போது மாமா தோட்டாப் பெட்டியின் சாவியைத் தம் இடுப்பில் முடிந்துகொண்டு படுத்தார். இனி அந்தச் சாவியை யார் முடிந்துகொள்வது?"

கணவர் நெடுநேரம் பேசவில்லை. தந்தை சாவியை முடிந்துகொண்டது எதற்கென்று அன்றுதான் அவருக்கு விளங்கியது. தந்தையின் நினைவாகத் துப்பாக்கியைக் கேட்டவருக்கு, தந்தையின் அன்பு அந்தச் சாவியில் இருந்தது தெரிந்தது.

அவர் விண்ணப்பிக்கவில்லை. துப்பாக்கி முறைப்படி விற்கப்பட்டது. வாசலுக்கு இரும்புக் கதவும், களத்துக்கு விளக்கும், ஒரு நாயும் வந்தன. தந்தையின் படத்தருகே இன்று தொங்குவது அந்தச் சிறிய சாவி.

கனடா நாட்டில் துப்பாக்கி உரிமம் கோரும் விண்ணப்பத்தில் வாழ்க்கைத் துணையின் கையொப்பத்துக்கும் இடம் உண்டு. துணைவர் கையொப்பமிடாவிட்டால், விண்ணப்பம் வந்துள்ளதை அதிகாரிகள் அவருக்கு அறிவிக்க வேண்டும். நம் படிவத்தில் எப்படி இருப்பினும், திருப்பீடத்தின் முன் கைப்பற்றி வாக்களித்த இருவருக்கு இந்த ஒழுங்கை அரசாங்கமா கற்பிக்க வேண்டும்? குண்டு எட்டும் எல்லைக்குள் வாழும் எவரையும் கேளாமல் துப்பாக்கி வீட்டுக்குள் வரலாகாது. இருவரும் மனமொத்து இசையும்வரை அது வெளியிலேயே இருக்கட்டும். இசைந்து வைத்திருப்போரும் தோட்டாவையும் துப்பாக்கியையும் பிரித்துப் பூட்டட்டும்.

அன்பார்ந்த குடும்பத் தலைவர்களே, தலைவியரே! உங்கள் துணைவர் அச்சம் என்று சொல்லும்போது, கோழைத்தனம் என்று நகையாதீர்கள். எதற்கு அச்சம் என்று ஒருமுறை கேளுங்கள். இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் விளக்கை அணைக்குமுன் கேளுங்கள். மனச்சுமை தாங்காதவர் வீட்டில் இருப்பின் பங்குத்தந்தையிடமும் மருத்துவரிடமும் தயங்காமல் செல்லுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணும் உண்டு. வீட்டைக் காக்கும் முதற்காவல், ஒருவர் சொல்வதை மற்றவர் செவிமடுப்பதே.