குறட்டையும் காய்ச்சலும் மூளையும்

குறட்டை என்றாலே நமக்குச் சிரிப்பு வருகிறது. நாடக மேடையில் ஒருவன் குறட்டை விட்டால் அவை கொல்லென்று சிரிக்கும். மாணவர் விடுதியிலோ, குறட்டை விடுபவனுக்கு மறுநாளே பட்டப்பெயர் கிடைத்துவிடும். ஆனால், சில குறட்டைகளுக்குப் பின்னே ஒரு நோய் மறைந்திருக்கிறது. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் மூளைக்கு நேரும் தொல்லைகளை அந்நோய் பெருக்கக்கூடும் என்று அறிஞர் ஐயுறுகின்றனர். நரம்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில், அதுபற்றி மன்றத்து நண்பர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்த நோயைப் பார்ப்போம். உறங்கும்போது உடலின் தசைகள் தளர்கின்றன. தொண்டைத் தசைகளும் தளர்கின்றன. சிலருக்கு அவை அளவு மீறித் தளர்ந்து, மூச்சு செல்லும் வழியையே அடைத்துவிடுகின்றன. மார்பு ஏறி இறங்கும். காற்று மட்டும் உள்ளே போகாது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். உடனே மூளை திடுக்கிட்டு விழித்து மூச்சை மீட்கும். மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு! 10 விநாடிக்குக் குறையாத முழுத் தடையும் அரைத் தடையுமாக மணிக்கு 30க்கு மேல் நிகழ்ந்தால் நோய் கடுமையானது என்பர். இதனை ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள்; நாம் உறக்க மூச்சுத்தடை எனலாம். 1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் அறிஞர்கள் தனித்தனியே இதனை ஆராய்ந்து விளக்கினர். நோயாளிக்கோ இரவில் நடப்பது பெரும்பாலும் தெரியாது. காலைத் தலைவலி, பகல் தூக்கம், மறதி இவற்றை மட்டுமே அவன் அறிவான்.

இனி, வைரஸ் செய்வது என்ன? கோவிட் நோயையே எடுத்துக்கொள்வோம். மணம் அறியாமை, கவனக் குறைவு, மறதி ஆகியவை காய்ச்சல் தணிந்த பின்னும் பலரை விடவில்லை. 2022இல் ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் 785 பேருக்கு இருமுறை எடுத்த மூளைப் படங்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரு படங்களுக்கும் இடையே 401 பேருக்குக் கோவிட் வந்திருந்தது. அவர்களுக்கு, மணத்தோடும் நினைவோடும் தொடர்புடைய சில பகுதிகள் மற்றவர்களைவிடச் சற்றே கூடுதலாக மெலிந்திருந்தன. வேறுபாடு 0.2 முதல் 2 விழுக்காடுதான். ஆய்வுக்கு உட்பட்டோர் அனைவரும் 50 வயதைக் கடந்தவர்கள். ஆகவே இளைஞர்கள் இதைப் படித்துக் கலங்க வேண்டுவதில்லை.

இந்தத் தொல்லைகளில் வைரஸுக்கு மட்டுமன்றி, அதை எதிர்க்க உடல் மூட்டும் தீக்கும் பங்கு உண்டு. அழற்சி என்பது அத்தீயின் பெயர். மூச்சுத்தடை நோயிலும் இதே தீ மூள்கிறது. ஆக்சிஜன் இரவெல்லாம் குறைந்தும் கூடியும் அலைவதால் அழற்சிப் பொருள்கள் இரத்தத்தில் மிகுகின்றன. மூளையைக் காக்கும் இரத்தக் குழாய்ச் சுவர்களும் நலியக்கூடும். உறக்கம் துண்டு துண்டாவதால் மூளைக்கு ஓய்வும் இல்லை. எரிகிற வீட்டில் துருத்தி வைத்து ஊதினால் என்ன ஆகும்?

இது வெறும் ஊகமா? 2023இல் அமெரிக்காவில் ஏராளமான மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தனர். மூச்சுத்தடை உள்ள பெரியவர்களிடையே நீடித்த கோவிட் மிகுதியாகக் காணப்பட்டது. உடற்பருமன், நீரிழிவு போன்றவற்றைக் கணக்கில் கொண்டபோது தொடர்பு குறைந்தது, முற்றும் மறையவில்லை. ஆயினும் தொடர்பு வேறு, காரணம் வேறு. ஒன்றால்தான் மற்றொன்று விளைகிறது என்று இதைக்கொண்டு அறுதியிட முடியாது.

பின் எதற்காக இதை எழுதுகிறேன்? எனக்குத் தெரிந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர், கோவிட் வந்தபின் படித்தது மனத்தில் நிற்கவில்லை என்று சொல்லி, ஆய்வையே கைவிட்டு ஊர் திரும்ப இருந்தார். ‘என் மூளை கெட்டுவிட்டது’ என்பதே அவர் பேச்சு. அவருடைய அறைத்தோழர் ஒருநாள், “நீ இரவில் மூச்சு நின்று திணறுகிறாயே!” என்றார். உறக்கப் பரிசோதனையில் மூச்சுத்தடை தெரிந்தது. மருத்துவத்துக்குப் பின் பகல் தூக்கம் போயிற்று; மறதியும் ஓரளவு குறைந்தது. ஆய்வு தொடர்கிறது. ஒருவர் கதை அறிவியற் சான்று ஆகாது என்பதை அறிவேன். ஆனால், வைரஸ் விட்டுச் சென்ற மந்தத்துக்கு மருந்து தேடி அறிஞர் இன்னும் உழைத்துக்கொண்டிருக்க, மூச்சுத்தடைக்கோ வழி இருக்கிறது. முகமூடி வழியே காற்றை மெல்லிய அழுத்தத்தோடு செலுத்தும் கருவியைக் காலின் சல்லிவன் ஆஸ்திரேலியாவில் 1981இல் வெளிப்படுத்தினார். எடை குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், மது விலக்கல் ஆகியவையும் பலருக்கு உதவும். தீர்க்கக்கூடிய குறையைத் தீராத குறை என்றெண்ணி ஒருவன் படிப்பை இழக்கலாமா?

வீட்டில் இருந்தால் நம் உறக்கத்தை அன்னை கவனிப்பாள். தொலைவில் வந்து பயிலும் நமக்கு அறைத்தோழனே கண்ணும் காதும். உரத்த குறட்டை, திடீர் அமைதி, பிறகு திணறி எழும் மூச்சு! இதைக் கேட்டால் நகைக்காதீர்கள், நண்பர்களே. விடிந்ததும் அவனிடம் சொல்லுங்கள். மருத்துவரிடம் உடன் செல்லுங்கள்.