மஞ்சட் குறியும் மாணவர் கடனும்

ஏடுகளிற் கிடந்த தமிழ் நூல்களை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) அவர்கள், ஓரேட்டை மாத்திரம் நம்பாது பல ஏடுகளை ஒப்புநோக்கியே பாடங்கொண்டனர். மூலம் தெளிவுறாதவிடத்துப் பாடபேதம் தோன்றும் என்பதை அவர் அறிந்திருந்தார். கணினி நிரல் எழுதும் நம் மாணவர்க்கும் இவ்வுண்மை பொருந்தும்.

அரியாலையைச் சேர்ந்த மாணவர் ஒருவர், பழைய மாணவர் பெயர்ப்பட்டியலை அச்சிடுதற்கு ஜாவா மொழியில் ஒரு நிரல் இயற்றினார். பெயர்கள் நிரலினுள்ளேயே தமிழில் எழுதப்பட்டிருந்தன. எக்லிப்ஸ் என்னும் நிரற்பதிப்பியின் அடியில் மஞ்சள் நிற எச்சரிக்கைகள் இரண்டு நின்றன. "சிவப்பன்றே, ஐயா, நிரல் ஓடுகின்றது" என்றார் அவர். யானும் வாளாவிருந்தேன். மறுநாள் வேறொரு கணினியில் அந்நிரலைத் தொகுத்தபோது பெயர்கள் யாவும் உருத்தெரியாது சிதைந்தன.

இதற்குக் காரணம் யாது? முதலாம் எச்சரிக்கை, இத்திட்டத்திற்கு எழுத்துக் குறிமுறை வெளிப்படையாக விதிக்கப்படவில்லை என்பது. எக்லிப்ஸ் இதனை 2022 ஆம் ஆண்டு முதல் அறிவித்து வருகின்றது. யூடிஎஃப்-8 முறையில் 'அரியாலை' என்னும் நான்கெழுத்துச் சொல் 7 குறியீடுகளாய், 21 பைற்றுகளாய்ச் சேமிக்கப்படும். அதனை விண்டோசின் பழைய மேனாட்டுக் குறிமுறையிற் படிப்பின், 21 இலத்தீன் குறிகளே தோன்றும். 2022 இல் வெளிவந்த ஜாவா 18 இற்கு முந்திய பதிப்புகள், குறிமுறை கூறாவிடத்து, அவ்வக் கணினியின் வழக்கத்தையே கைக்கொண்டன. ஆகவே ஒரே நிரல் இடத்துக்கிடம் வேறுபட்டது.

இரண்டாம் எச்சரிக்கை, திட்டம் ஜாவா 1.5 இற்குரிய சூழலைக் கேட்கின்றது, அதற்கு முற்றும் ஒத்தது இக்கணினியில் இல்லை என்பது. மாணவர் 1.5 என எங்கும் எழுதினாரல்லர். மேவன் என்னும் தொகுப்புக் கருவியின் தொகுப்பி இணைப்பு, 3.8.0 இற்கு முந்திய பதிப்புகளில், ஒன்றுங் கூறாவிடின் 1.5 என்றே கொள்ளும். 2021 இல் வந்த ஜாவா 17 அதனை ஏற்பதில்லை.

தீர்க்கும் முறை வருமாறு: முதலில் எச்சரிக்கையை முற்றாக வாசித்தல் வேண்டும். அடுத்து, அது சுட்டும் விதி எங்கே பிறக்கின்றது என ஆராய்தல் வேண்டும். மேவன் திட்டத்தில் அவ்விடம் பொம் எக்ஸ்எம்எல் கோப்பாகும். அதன் பண்புகள் பகுதியில், மூலக்கோப்பின் குறிமுறை யூடிஎஃப்-8 எனவும், தொகுப்புக்குரிய ஜாவாப் பதிப்பு 17 எனவும் எழுதுக. பின்னர் ஆல்ட், எஃப்5 விசைகளை ஒருங்கே அழுத்தித் திட்டத்தைப் புதுப்பிக்க. மஞ்சட் குறிகள் மறையும்.

எக்லிப்சின் அமைப்புப் பக்கத்தில் மட்டும் ஜாவாப் பதிப்பை மாற்றுவோர் உளர். அடுத்த முறை திட்டம் புதுப்பிக்கப்படும்போது பொம் கோப்பின் விதியே மீளும். எச்சரிக்கைப் பட்டியலை மறைத்துவைப்போரும் உளர். அது நோயை விடுத்து நோய்க்குறியை மூடுதலாம்.

சிவப்புக் குறி, நிரல் இங்கே இயங்காது என்கின்றது. மஞ்சட் குறியோ, இங்கே இயங்குவது பிறிதோரிடத்தில் இயங்காமற் போகலாம் என்கின்றது. தமிழில் நிரல் இயற்றுவோர் பின்னதற்கே பெரிதும் அஞ்சுதல் வேண்டும். அம்மாணவரின் பட்டியல் இப்போது எக்கணினியிலும் பிழையற வருகின்றது. அன்று வாளாவிருந்த தவறு என்னுடையதுமாம். இளைய மாணவர் அதனைச் செய்யாதிருப்பாராக.