பாலத் தூணடியில் மண்ணரிப்பு

மும்பையிலிருந்து கோவா செல்லும் நெடுஞ்சாலையில், மகாடு நகரை அடுத்த சாவித்திரி ஆற்றின் பழைய கற்பாலம் 2016 ஆகஸ்டு 2 ஆம் நாள் இரவு வெள்ளத்தில் இடிந்தது. இரு அரசுப் பேருந்துகள் ஆற்றோடு போயின. பெருவெள்ளத்தில் பாலங்கள் வீழ்வதற்குரிய முதன்மையான காரணங்களுள் ஒன்று தூணடி அரிப்பாகும்.

தூணில் மோதும் நீரின் ஒரு பகுதி கீழ்நோக்கிப் பாய்ந்து, குதிரை லாடம் போன்ற சுழலாகித் தூணடி மணலைப் பறிக்கிறது. வெள்ளம் வடியுங்கால் அப்பள்ளத்தை வண்டல் மூடிவிடும். ஆகவே, கோடையில் எடுக்கும் அளவு உண்மை ஆழத்தைக் காட்டாது.

இந்தியச் சாலைப் பேரவையின் விதி, லேசியின் முறைப்படி கணித்த சராசரி அரிப்பாழத்தைத் தூணருகே இருமடங்காகக் கொள்ளச் சொல்கிறது. கணிப்பொறியோ ஆற்றைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் நீர்மட்டம், வேகம், சுழற்சி ஆகியவற்றைக் கணிக்கிறது. பறிபடும் மணலுக்கேற்ப ஆற்றுப்படுகையைத் தாழ்த்தி, மீண்டும் கணிக்கிறது.

எனினும், இக்கணக்கைச் சரிபார்க்க நேரில் எடுத்த அளவு வேண்டும். ஆதலின் வெள்ளக் காலத்திலேயே, பாதுகாப்பான இடத்திலிருந்து, தூணருகே ஆழம் பார்த்து நாளும் நேரமும் குறித்து வைத்தல் களப்பணியாளர் கடமையாகும். ஆசிரியர்கள் மணல் பரப்பிய தட்டில் குச்சியொன்றை நட்டு நீரை ஓடவிட்டால், மாணவர் இப்பள்ளத்தைக் கண்ணாரக் காண்பர்.