தன்னுயிர் தனக்கே உரியதா?

செஞ்சி வட்டாரத்துத் தளவானூரில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்துருமல்லேசுவரக் குகைக்கோயிலைக் காணச் செல்லும் இறையியல் மாணவர், செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றையும் காணாது திரும்பலாகாது. அங்கே பெரும்பாறை ஒன்றில் 24 தீர்த்தங்கரரின் உருவங்கள் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றினும் நம் கருத்தைக் கவர்வது அக்குன்றிலுள்ள சிறு கல்வெட்டாகும். சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்ததை அது தெரிவிக்கிறது. எழுத்தமைதி கொண்டு, ஏறத்தாழ கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டினது என்பர். 30 நாள் நோன்பிருந்து மறைந்த இளையபட்டாரரைக் குறித்துப் பிற்காலக் கல்வெட்டு ஒன்றும் அங்குண்டு.

மாணவர்களோடு அங்கு நின்றபோது, "இது தற்கொலைதானே, ஐயா?" என்று ஒருவர் கேட்டார். மற்றொருவரோ, "அவருயிர் அவருக்குரியது, வேண்டாமென்று விட்டால் தடுக்க நாம் யார்?" என்றார். இவ்விரு வினாக்களும் ஒரே அடிப்படையில் எழுந்தவை. உயிர் யாருடைய உடைமை என்பதை முதலில் தீர்த்துக்கொண்டால் மற்றவை தாமே தீரும் என்பது அவ்வடிப்படை. நாம் அவ்வாறு கருதவில்லை.

சமணரே தம் நோன்பைத் தன்னுரிமையின் மீது நிறுவவில்லை. தவிர்க்கவியலாத இடையூறு, பஞ்சம், முதுமை, தீராநோய் ஆகியவை நேர்ந்தவிடத்தே சல்லேகனை தகும் என்று சமந்தபத்திரர் வரையறுத்தார். விரைவில் இறக்கவேண்டுமென்று விரும்புவதும் அந்நோன்பின் குற்றங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. துறவி தம் ஆசிரியரின் இசைவு பெற்று, பிறர் உடனிருக்க நோற்பதே மரபு. எனவே தற்கொலை என்று ஒரு சொல்லில் அதனை அடக்குவது நேர்மையாகாது. உடலைப் படிப்படியே விட்டொழித்து வினையறுப்பதை நாம் நற்செய்தியாக ஏற்க இயலாது. உடல் கடவுளின் படைப்பு, உயிர்த்தெழுதலுக்குரியது என்பதே நம் விசுவாசம். சூரைச்செடியின் கீழ்ச் சாவை வேண்டிய எலியாவுக்குக் கடவுள் அறிவுரை கூறவில்லை, உறங்கவிட்டார், அப்பமும் தண்ணீரும் தந்தார் (1 இராஜா. 19).

'தானே விரும்பியது' என்னும் சொல்லையும் எச்சரிக்கையோடு கேட்கவேண்டும். 1714இல் போரில் மாண்ட தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறியதைப் புகழும் வட்டாரம் செஞ்சி. அப்பெண்ணுக்கு வேறு வழி எது திறந்திருந்தது என்று கேட்பார் அரியர். தன்னாட்சியை அறநெறியின் மையமாக்கிய காண்ட்டே, அதன் பெயரால் தற்கொலையை ஏற்க மறுத்தார் என்பதை மாணவர் மறக்கலாகாது.

நாட்டின் சட்டமும் தடுமாறியே வந்துள்ளது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு செல்லாதென்று 1994இல் கூறிய உச்ச நீதிமன்றம், வாழும் உரிமையினுள் சாகும் உரிமை அடங்காது என்று 1996இல் கியான் கௌர் வழக்கில் அதனை மாற்றியது. 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சமணரின் நோன்பைக் குற்றமென்றது. அம்மாதமே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்திற்கு ஆளானவராகவே கொள்ளவேண்டும், அவருக்குச் சிகிச்சையளிப்பது அரசின் கடமை என்றது 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் பொருட்டுச் செய்யும் முயற்சி மட்டுமே குற்றமாக நிற்கிறது. சட்டம் தண்டனையை விட்டுச் சிகிச்சைக்கு வந்துவிட்டது. நம் கல்லறைத் தோட்டங்கள் சில இன்னும் வரவில்லை.

வாழ்ந்தாலும் மரித்தாலும் நாம் ஆண்டவருக்குரியவர்கள் என்னும் பவுலின் கூற்றை, மாண்டவருக்கு எதிராக நாம் எடுத்தாளுகிறோம். அது எந்த அதிகாரத்தில் வருகிறது? சகோதரனைத் தீர்ப்பிடாதே என்று கண்டிக்கும் ரோமர் 14இல் அன்றோ! கி.பி. 410இல் ரோம் சூறையாடப்பட்டபோது மானபங்கமுற்ற பெண்கள் சாகவேண்டியதில்லை, அவர்கள் கற்பிழக்கவில்லை என்று தேற்றவே அகுஸ்தீன் தற்கொலையை மறுத்தெழுதினார். அவ்வாறு மாண்டவரையும் மன்னிக்கத்தக்கவராகவே கருதினார். உயிரோடிருப்போரைக் காக்க எழுந்த வாதம், 561இல் பிராகா சங்கத்தில் இறந்தோர்க்குச் சங்கீதம் மறுக்கும் விதியாயிற்று. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்க ஜெபப்புத்தகமும் அவர்களுக்கு அடக்க ஆராதனையை விலக்கியது. திருமறையோ அகித்தோப்பேலைத் தகப்பன் கல்லறையில் அடக்கம்பண்ணினதாக மட்டும் கூறி நின்றுவிடுகிறது (2 சாமு. 17:23). சவுலின் உடலை மீட்க யாபேஸ் கீலேயாத்தார் இரவு முழுதும் நடந்து சென்றனர்; ஏழு நாள் உபவாசமும் இருந்தனர்.

வகுப்பறையில் தன்னுரிமை பேசப்படுகிறது. ஆனால் இரவில் போதகரின் கதவைத் தட்டி வந்தோர் எவரும் 'என்னுயிர் எனக்குரியது' என்று நம்மிடம் சொன்னதில்லை. 'என்னால் எல்லாருக்கும் பாரம்' என்றே சொன்னார்கள். உயிர் கடவுளுடையது என்று அவர்களுக்கு விளக்குவதற்கு முன், அந்தப் பாரத்தில் நம் பங்கு எது என்று கேட்கவேண்டியிருக்கிறது. அவரைத் தனியே விடாதிருப்பதும், உடன்சென்று மருத்துவரிடம் சேர்ப்பதும் போதகப் பணியே. பிலிப்பி சிறைச்சாலைக்காரன் வாளை உருவியபோது, இருளில் பவுல் கூப்பிட்டது தாங்கள் எல்லாரும் அங்கேயே இருப்பதை அவனுக்கு அறிவிக்கவே (அப். 16).

நாம் இளம் போதகராயிருந்த சபையொன்றில் கடன்பட்ட விவசாயி ஒருவர் தம்மை மாய்த்துக்கொண்டார். மணி அடிக்கலாகாது, உடல் ஆலயத்தினுள் வரலாகாது, மதிலோரம் அடக்கம் என்று மூப்பர்கள் முடிவு செய்தனர். நாமும் இசைந்தோம். மூன்று மாதமாக அவர் ஆராதனைக்கு வராததை நாம் கவனித்திருந்தும் வீடு தேடிச் செல்லவில்லை என்பதை அன்று யாரும் கேட்கவில்லை. அவருடைய தாயார் மட்டும், "ஐயா, இந்தக் கோயிலுக்குள்ளேதானே அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள்?" என்றார்.

பல ஆண்டுகள் கழித்து, திருநாதர் குன்றிலிருந்து இறங்கிய மறுவாரம், அச்சபையின் அடக்கப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். அவர் பெயரை நாம் எழுதவேயில்லை. இப்போதைய ஆயரின் இசைவோடு, பெயரையும் மரித்த நாளையும் எழுதி, எழுதிய தேதியையும் குறித்துக் கையொப்பமிட்டோம். தாயார் அதற்குள் மறைந்துவிட்டார்.