உங்களுக்குத் தெரியுமா? முதுகெலும்புள்ள சொந்தங்கள்

மீன், தவளை, பல்லி, கோழி, குரங்கு, மனிதர் என முதுகெலும்புள்ள எல்லா உயிர்களும் ஒரே உயிர்மரத்தின் கிளைகள். எந்தக் கிளை எங்கே பிரிந்தது என்று கண்டறியும் ஆய்வில் சிங்கப்பூருக்குப் பெரிய பங்கு உண்டு.

◆ வஞ்சிரத்தின் சொந்தம் யார்?
தேக்கா சந்தையில் வஞ்சிரத்தையும் சுறாவையும் மீன் என்றே கேட்டு வாங்குகிறோம். வம்சாவளியைப் பார்த்தால் வஞ்சிரத்துக்கு நெருங்கிய சொந்தம் சுறா அல்ல, அதை வாங்க வந்திருக்கும் நாம்தான்! சுறாவும் திருக்கையும் குருத்தெலும்பு மீன்கள். சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அவை தனிக் கிளையாகப் பிரிந்துவிட்டன. வஞ்சிரமும் நாமும் எலும்புள்ள இன்னொரு கிளையில் வந்தவர்கள்.

◆ முதலைக்குப் பங்காளி கோழி
சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் முதலையைப் பார்த்தால் பல்லிதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் முதலைக்கு மிக நெருங்கியவை பறவைகள். பறவைகளோ டைனசோர்களின் நேர் வாரிசுகள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் 2015இல் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் வயோமிங்கில் தோண்டியெடுத்த மூன்று டைனசோர் எலும்புக்கூடுகள் அங்கே நிற்கின்றன. பிரின்ஸ், அப்பல்லோனியா, ட்விங்கி என்பன அவற்றின் பெயர்கள். வயது சுமார் 15 கோடி ஆண்டுகள்.

◆ புக்கிட் தீமாவில் வாலஸ்
இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினோடு 1858இல் உலகுக்குச் சொன்ன ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், 1854இல் சிங்கப்பூரில் வந்திறங்கினார். புக்கிட் தீமா காட்டில் வண்டுகளைச் சேகரித்தார். மறு ஆண்டு சரவாக்கில் எழுதிய கட்டுரையில், உயிரினங்களின் உறவைக் கிளைவிட்டுப் படரும் மரமாக விவரித்தார். டார்வினின் புகழ்பெற்ற நூல் வெளிவந்தது அதற்கும் நான்கு ஆண்டுகள் கழித்துத்தான்.

◆ கப்பியில் தொடங்கிய பயணம்
சிங்கப்பூர்ச் சிறுவர்கள் கால்வாயில் பிடித்து விளையாடிய ‘லோங்காங் மீன்’ நினைவிருக்கிறதா? அது கப்பி. இந்தியாவிலிருந்து வந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பைரப்பா வெங்கடேஷ், தொடக்க காலத்தில் கப்பியின் இனப்பெருக்க ஹார்மோன்களைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டவர். பின்னாளில் முதுகெலும்பிகளின் பரிணாமத்தை மரபணு வழியே ஆராய்ந்த முன்னணி அறிஞர்களில் ஒருவரானார்.

◆ மனிதருக்கு அடுத்தது பேத்தை
மனிதரின் முழு மரபணுத் தொகுதிக்கு அடுத்தபடியாக எந்த முதுகெலும்பியின் தொகுதி வெளியானது? ஃபுகு என்னும் நச்சுப் பேத்தை மீனுடையது. 2002இல் அதை வெளியிட்ட பன்னாட்டுக் குழுவில் சிங்கப்பூரின் மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகமும் இருந்தது. ஃபுகுவின் தொகுதி நம்முடையதில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் மரபணுக்களின் எண்ணிக்கையில் அது நமக்கு ஏறத்தாழச் சமம். இடையிலுள்ள உபரி குறைவு என்பதால், முக்கியமான பகுதிகளைத் தேடிப் பிடிப்பது எளிது.

◆ நோபல் மேதையின் தீவு
ஃபுகுவை ஆராயலாம் என்று 1993இல் வழிகாட்டியவர் சிட்னி பிரென்னர். 2002இல் நோபல் பரிசு பெற்றார். சிங்கப்பூரின் உயிரியல் ஆய்வு வேரூன்ற உழைத்த அவருக்கு 2003இல் இந்நாடு கௌரவக் குடியுரிமை அளித்தது. 2019இல் இங்கேயே காலமானார்.

◆ எலும்பு எங்கிருந்து வந்தது?
ஆஸ்திரேலியாவின் தெற்கிலும் நியூசிலாந்திலும் வாழ்வது யானைச் சுறா என்னும் குருத்தெலும்பு மீன். வெங்கடேஷ் தலைமையிலான குழு அதன் மரபணுத் தொகுதியை 2014இல் வெளியிட்டது. எலும்பு உருவாகத் துணைசெய்யும் ஒரு மரபணுக் குடும்பமே அதில் இல்லை! அக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரபணுவின் வேலையை வரிக்குதிரை மீனில் தடுத்துப் பார்த்தபோது எலும்பு வளர்ச்சி குறைந்தது. இன்னொரு வியப்பு: அதுவரை ஆராயப்பட்ட முதுகெலும்பிகளில் மிக மெதுவாக மாறிவந்த மரபணுத் தொகுதி இதனுடையதே. ‘வாழும் புதைபடிவம்’ எனப்படும் சீலகாந்த் மீனைவிடவும் மெதுவாம்.

◆ பல்லும் போச்சு, துடுப்பும் போச்சு
சிங்கப்பூர்க் கடலிலும் வாழும் புலிவால் கடல்குதிரையின் மரபணுத் தொகுதி 2016இல் வெளியானது. சீன, ஜெர்மானிய ஆய்வாளர்களோடு சிங்கப்பூர்க் குழுவும் சேர்ந்து செய்த பணி அது. மற்ற மீன்களுக்கு இடுப்புத் துடுப்பும் நமக்குக் காலும் வளர உதவும் ஒரு மரபணு கடல்குதிரையிடம் இல்லை. பல்லின் எனாமலுக்கு வேண்டிய மரபணுக்களும் தொலைந்துவிட்டன. புதிதாகப் பெறுவதால் மட்டுமல்ல, இருப்பதை இழப்பதாலும் பரிணாமம் புது வடிவங்களை உண்டாக்குகிறது.

◆ அரிசியளவு முதுகெலும்பு
சுமத்ராவின் கரிச்சதுப்பு நீரில் வாழும் ஒரு மீனில், முதிர்ந்த பெண்களில் மிகச் சிறியதன் நீளம் 7.9 மில்லிமீட்டர், ஒரு பாசுமதி அரிசி அளவு! 2006இல் அதற்குப் பெயரிட்டு விவரித்தவர்களில் சிங்கப்பூரின் டான் ஹியோக் ஹூயியும் ஒருவர். குஞ்சுப் பருவத்து உடலோடே அது இனப்பெருக்கம் செய்கிறது. மூளைக்கு மேல் முழு மண்டையோடுகூட இல்லை.

◆ மரத்தில் ஒட்டியிருக்கும் உறவினர்
புக்கிட் தீமாவில் பகலில் மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டித் தூங்கும் விலங்கு கொலுகோ. கழுத்திலிருந்து வால்வரை விரியும் தோலால் 100 மீட்டருக்கும் மேல் காற்றில் சறுக்கிச் செல்லும். பறக்கும் லெமூர் என்பார்கள். அது லெமூரும் அல்ல, பறப்பதும் இல்லை. குரங்கு, மனிதர் அடங்கிய பிரைமேட் வரிசைக்கு வெளியே நமக்கு மிக நெருங்கிய உயிர் இதுவே என்று 2007இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

◆ சாணம் சொன்ன உண்மை
சிங்கப்பூரில் கிடைத்த மாதிரியை வைத்து 1838இல் பெயரிடப்பட்ட குரங்கு ராஃபிள்ஸ் பட்டை லங்கூர். அதன் சாணத்திலிருந்து டிஎன்ஏ பிரித்து ஆய்வாளர்கள் ஆண்டி ஆங், அம்ரிதா ஸ்ரீவத்சன் உள்ளிட்டோர் ஆராய்ந்தார்கள். ஒரே இனத்தின் துணையினங்கள் எனக் கருதப்பட்டவை மூன்று தனி இனங்கள் என்று 2020இல் நிறுவினார்கள். விலங்கைப் பிடிக்கவில்லை, ஊசி குத்தவில்லை. தனி இனம் என்று ஆனதும் ஆபத்தும் தெளிவானது: சிங்கப்பூரில் எஞ்சியிருப்பவை நூற்றுக்கும் குறைவு.

◆ நாம் என்ன செய்யலாம்?
லங்கூர்கள் சாலையைக் கடக்க, பழைய அப்பர் தாம்சன் சாலையின் குறுக்கே கயிற்றுப் பாலங்கள் கட்டப்பட்டுள்ளன. அந்தப் பக்கம் வண்டி ஓட்டினால் வேகத்தைக் குறையுங்கள். காட்டு விலங்குக்கு உணவு கொடுக்காதீர்கள். அது சட்டப்படி குற்றமும்கூட. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அரும்பொருளகத்துக்கும் புக்கிட் தீமாவுக்கும் அழைத்துச் செல்லுங்கள். இந்தத் தீவில் நாளை முனைவர் பட்ட ஆய்வுக்கு வரப்போகும் பிள்ளைக்கு, ஆராய இந்த உயிர்கள் மிச்சமிருக்க வேண்டும்.