18 சென்டிமீட்டர் கார்

ஸ்கேல் மாடல் கார் கிட் வாங்கக் கடைக்குப் போனால், பெட்டி மேல் இருக்கும் பளபளப்பான படத்தில் மயங்கிவிடாதீர்கள். மூலையில் சின்னதாக 1/24 என்றோ 1/25 என்றோ போட்டிருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். உள்ளே இருக்கும் ஸ்டியரிங், சீட், சைலன்சர், கதவுக் கைப்பிடி எல்லாம் அந்த எண் சொன்னபடி குறுகியவை.

கணக்கு எளிது. நிஜக் காரில் 24 சென்டிமீட்டர் இருப்பது மாடலில் 1 சென்டிமீட்டர். 4.3 மீட்டர் நீளமுள்ள கார் 18 சென்டிமீட்டருக்கு வந்துவிடும்.

அது ஏன் 24? சுலபமாக 20 என்று வைத்திருக்கலாமே? அடியும் அங்குலமும் புழங்கிய நாடுகளில் பிறந்த அளவு இது. ஓர் அடிக்கு 12 அங்குலம். 24 பங்கில் ஒன்று என்றால், ஓர் அடி அரை அங்குலமாகும். மனக்கணக்காகவே போட்டுவிடலாம். அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் 1948-இல் தொடங்கிய ஏ.எம்.டி. நிறுவனமோ 1/25 அளவைப் பிடித்துக்கொண்டது. ஒரே காரை இரண்டு அளவிலும் செய்து பக்கத்தில் வைத்தால், நீளத்தில் 7 மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

இன்னொரு அளவின் கதை வேடிக்கையானது. ஜப்பானின் ஷிசுவோகா நகரில் இருக்கும் டாமியா நிறுவனம், 1960களின் தொடக்கத்தில் பான்தர் என்ற ஜெர்மன் டாங்கின் மாடலைச் செய்தது. அது ஓட வேண்டும். அதற்கு ஒரு மோட்டாரும் பேட்டரிகளும் வயிற்றுக்குள் அடங்க வேண்டும். அவை அடங்கும்படி உடலின் அகலத்தை வைத்தார்கள். முடிந்தபின் பார்த்தால் அளவு 1/35 என்று வந்திருந்தது. அதையே வைத்துக்கொண்டார்கள். இன்றுவரை உலகம் முழுக்க டாங்க் மாடல்கள் அந்த அளவில்தான் அதிகம் வருகின்றன. எந்தக் கணித வாத்தியாரும் வைத்த எண் இல்லை, பேட்டரி வைத்த எண்!

சரி, நீளம் 24 பங்கில் ஒன்றானால் எடையும் 24 பங்கில் ஒன்றாகுமா? ஆகாது. நீளம் குறையும்போது அகலமும் உயரமும் கூடவே குறைகின்றன. 24 × 24 × 24 என்று பெருக்கிப் பாருங்கள்: 13,824. நிஜக் காரின் எடை 1,200 கிலோ என்றால், அதே இரும்பு, அதே கண்ணாடி, அதே ரப்பரோடு அப்படியே சுருக்கினாலும் 87 கிராம்தான் இருக்கும்.

அப்படியே சுருக்க முடிகிறதா என்பது வேறு கேள்வி. நிஜக் காரின் கூரைத் தகடு சுமார் 0.8 மில்லிமீட்டர் கனம். அதை 24 ஆல் வகுத்தால் 0.033 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய பிளாஸ்டிக் கூரை கை பட்டாலே கசங்கிவிடும். அதனால் மாடலின் கூரையை 1 மில்லிமீட்டர் கனத்துக்காவது வார்க்கிறார்கள். இதைத் திருப்பிப் பெரிதாக்கினால் 24 மில்லிமீட்டர். அவ்வளவு கனமான கூரையோடு எந்தக் காராவது ரோட்டில் ஓடுமா? மாடல் செய்பவர்கள் ஜன்னல் ஓரங்களை மட்டும் உள்பக்கமாகச் சுரண்டி மெலிதாக்குவது இதை மறைக்கத்தான்.

பெட்டியைத் திறந்தால் துண்டுகள் தனித்தனியாக இருக்காது. ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சட்டம், உருகிய பிளாஸ்டிக் ஓடிய வாய்க்கால். பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். அது வாய்க்காலில் ஓடி, எல்லாக் குழிகளையும் நிரப்பி, சில நொடிகளில் இறுகிவிடும். அச்சு இரண்டாகத் திறக்க, ஊசிகள் பின்னாலிருந்து தள்ள, சட்டம் வெளியே விழும். பானட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அந்த ஊசிகள் தள்ளிய வட்ட அடையாளம் இருக்கும்.

சீட்டுக்கு இரண்டு பாதி அச்சு போதும். கார் பாடிக்குப் போதாது. அதற்குக் கூரையிலும் வேலைப்பாடு, இரண்டு பக்கமும் வேலைப்பாடு, முன்னும் பின்னும் வேலைப்பாடு. மேல் பாதியை நேராகத் தூக்கினால் கதவுக் கைப்பிடிகள் மாட்டிக்கொண்டு பிய்ந்துவிடும். அதனால் பக்கவாட்டு அச்சுகள் தனித்தனியாக நழுவி விலகும்படி செய்கிறார்கள். அவை ஒன்றோடு ஒன்று சந்தித்த இடத்தில் முடி போல ஒரு கோடு மேலெழும்பி நிற்கும். பெரும்பாலும் மட்கார்டின் மேட்டில் ஓடும். நகத்தால் வருடினால் தட்டுப்படும். பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. மறையாது, இன்னும் எடுப்பாகத் தெரியும். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிட வேண்டியதுதான்.

அச்சு வெட்டுகிறவருக்கு அளவுகள் எங்கிருந்து வருகின்றன? காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பார்கள், தொழிற்சாலை வரைபடம் கேட்பார்கள். டாமியா நிறுவனத்தின் ஷுன்சாகு டாமியா அதற்கும் ஒரு படி மேலே போனார். போர்ஷே 911 கார் ஒன்றை விலைக்கு வாங்கி, அதைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பார்த்தார். 1976-இல் 1/12 அளவில் போர்ஷே 934 மாடல் வந்தது. விளையாட்டுச் சாமான் செய்ய இவ்வளவு செலவா என்று கேட்பவர்களுக்கு மாடல்காரர்களின் மனசு புரியாது.

இனி ஒட்டுவதற்கு வருவோம். இந்தப் பொழுதுபோக்கிலேயே எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் இங்கேதான் இருக்கிறது.

வீட்டில் காகிதம் ஒட்டும்போது, இரண்டு காகிதத்துக்கும் நடுவில் பசை இருந்து பிடித்துக்கொள்கிறது. மாடல் சிமென்ட் அப்படி வேலை செய்வதில்லை. அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திரவம். பாலிஸ்டைரீன் என்பது நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளின் குவியல். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, மூட்டில் சிமென்டைத் தொட்டு வைத்தால், இரண்டு பக்கத்துச் சங்கிலிகளும் இளகி, சுடச்சுடப் பிழிந்த இரண்டு இடியாப்பங்களை நெருக்கி வைத்தது போலப் பின்னிக்கொள்ளும். பிறகு திரவம் ஆவியாகிப் போய்விடும். நடுவில் பசை என்று எதுவும் மிச்சமில்லை. இரண்டு துண்டும் ஒரே துண்டு. உண்மையில் இது சூடில்லாத வெல்டிங்.

மெல்லிய சிமென்டை மூட்டு முழுக்கப் பூச வேண்டியதில்லை. துண்டுகளை முதலில் பொருத்திவிட்டு, தூரிகை நுனியால் ஓர் ஓரத்தைத் தொட்டால் போதும். அந்தச் சின்ன இடுக்கில் திரவம் தானே விறுவிறுவென்று ஓடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் அதே நுண்புழை விசைதான் இதுவும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. பள்ளி புராஜெக்டுக்கு வாங்கும் தெர்மாகோலும் இதே பாலிஸ்டைரீன்தான். நுரை போல உப்ப வைத்தது, அவ்வளவே. ஆரஞ்சுத் தோலை மடித்துத் தெர்மாகோல் துண்டின் மேல் பீய்ச்சுங்கள். எண்ணெய் பட்ட இடம் மெல்லக் குழிந்து இறங்கும். தோலில் இருக்கும் லிமோனீன் என்ற பொருள் பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. லிமோனீனையே வைத்துச் செய்த மாடல் சிமென்டும் கடையில் கிடைக்கிறது. ஆரஞ்சு வாசம் அடிக்கும். மற்ற சிமென்ட்களின் நெடி உடம்புக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வைத்து, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் திறக்க வேண்டும். துண்டுகளை வெட்டும் கத்திக்கும் அதே விதி.

பளபளக்கும் பம்பரில் மட்டும் இந்த வெல்டிங் நடக்காது. அதன் மேல் இருப்பது அலுமினியப் படலம். காற்றில்லாத அறையில் அலுமினியத்தை ஆவியாகும் வரை சூடாக்கினால், அந்த ஆவி பிளாஸ்டிக் மேல் போய்ப் படியும். சிமென்டால் உலோகத்தைக் கரைக்க முடியாது. ஒட்டும் இடத்தில் மட்டும் படலத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

முன் கண்ணாடிக்கு ஃபெவிக்விக் வகைப் பசையைத் தொடவே தொடாதீர்கள். அந்தப் பசையின் ஆவி, ஈரப்பதத்தோடு சேர்ந்து கண்ணாடி மேல் வெள்ளைப் பனி போலப் படிந்துவிடும். விரல் பட்ட இடத்தில் ரேகை வரி வரியாகத் தெரியும். மாடல்காரருக்கு எரிச்சல் தரும் இந்த விஷயத்தையே போலீசார் துப்பறியப் பயன்படுத்துகிறார்கள். 1970களின் இறுதியில் ஜப்பானியக் காவல்துறையில் தொடங்கி, இன்று பல நாடுகளில் கைரேகை எடுக்க இந்த ஆவியைக் காட்டுகிறார்கள். உங்கள் கண்ணாடிக்குச் சாதாரண ஃபெவிகால் ஒரு சொட்டு போதும். காய்ந்தால் நிறமில்லாமல் ஆகிவிடும்.

பெயின்ட் அடிக்கும்போது நமக்கு முதல் எதிரி தலைமுடி. ஒரு முடியின் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர். அது ஈரப் பெயின்டில் விழுந்துவிட்டால், 24 மடங்கு கணக்கில் 1.7 மில்லிமீட்டர், நிஜக் காரின் பானட்டில் ஒரு கம்பியைப் பதித்துப் பெயின்ட் அடித்ததற்குச் சமம். மின்னும் பெயின்டிலும் இதே தொல்லை. நிஜக் காருக்கு விற்கும் பெயின்டில் இருக்கும் மினுமினுப்புத் துகள்கள் குறுகுவதில்லை. அதை மாடலுக்கு அடித்தால் ஜிகினா ஒட்டியது போல இருக்கும். மாடல்களுக்கென்று துகளைப் பொடியாக்கிய பெயின்ட் வருவது அதனால்தான்.

கட்டி முடிப்பவர்கள் ஒரு ரகம் என்றால், சேர்த்து வைப்பவர்கள் இன்னொரு ரகம். 1950களில் அமெரிக்கக் கார் ஷோரூம்களில் புது மாடல் கார்களின் பிளாஸ்டிக் குட்டிகளை விளம்பரத்துக்காகக் கொடுத்தார்கள். அவை அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்தவை. அந்த பிளாஸ்டிக் வருஷம் போகப் போகச் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். கண்ணாடி அலமாரியில் பத்திரமாக வைத்த காரே கூட நடுவில் வளைந்து நிற்கும். பிறகுதான் பாலிஸ்டைரீனுக்கு மாறினார்கள்.

பிரிக்காத பழைய கிட்டுக்குச் சேகரிப்பாளர்களிடம் விலை அதிகம். எனக்கு இது என்றைக்கும் விளங்கியதில்லை. பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் வேதியியல் சும்மா இருப்பதில்லை. மிருதுவான பி.வி.சி. டயர்களில், அவற்றை வளையச் செய்வதற்கென்றே ஓர் எண்ணெய்ப் பொருளைக் கலக்கிறார்கள். பல ஆண்டுகளில் அது மெல்லக் கசிந்து பக்கத்தில் இருக்கும் பாலிஸ்டைரீனுக்குள் இறங்கும். பெட்டிக்குள் டயர் முன் கண்ணாடியின் மேல் சாய்ந்து கிடந்தால், ஒருநாள் திறந்து பார்க்கும்போது கண்ணாடியில் டயரின் வரிகள் அச்சுப் போட்டது போலப் பதிந்திருக்கும். அனுபவஸ்தர்கள் கிட் வாங்கியதுமே டயர்களை எடுத்துத் தனிப் பையில் போட்டுவிடுவார்கள்.

கடைசியாக, காரைக் கீழே போட்டால் என்ன ஆகும்? 75 சென்டிமீட்டர் மேஜை, 1/24 உலகத்தில் 18 மீட்டர். ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம். நிஜக் கார் அங்கிருந்து விழுந்தால் மணிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதி நொறுங்கும். மாடல் மோதுவது வெறும் 14 கிலோமீட்டர் வேகத்தில். பக்கக் கண்ணாடி ஒன்று தெறித்தால் உண்டு. உருவம் மாறும்போது எடையும் வலுவும் ஒரே கணக்கில் மாறுவதில்லை என்று கலிலியோ 1638-இலேயே எழுதிவைத்தார். யானைக்குக் கால் அவ்வளவு தடிமனாக இருப்பதற்கும் அதே காரணம்தான்.

விழும் நேரத்தையும் பாருங்கள். மாடல் தரையைத் தொட 0.4 நொடி. நிஜக் கார் 18 மீட்டர் விழ 1.9 நொடி. கிட்டத்தட்ட 5 மடங்கு. சினிமாவில் குட்டி மாடலை வைத்து விபத்துக் காட்சி எடுப்பவர்கள் கேமராவை வேகமாக ஓட்டிப் படம் பிடித்து, மெதுவாகக் காட்டுவது இதற்காகத்தான். 24-இன் வர்க்கமூலம் 4.9, நொடிக்கு 24 படம் என்பதற்குப் பதில் சுமார் 120 படம் எடுக்க வேண்டும். போனில் ஸ்லோ மோஷன் இருந்தால் நீங்களே பார்க்கலாம். புத்தகங்களை அடுக்கி, அதன் மேலிருந்து பழைய பொம்மைக் கார் ஒன்றை மெத்தையில் உருட்டிவிடுங்கள். சாதாரணமாக எடுத்தால் பொம்மை. மெதுவாக ஓட்டினால் கார்.

ஆனால் மழைக் காட்சி மட்டும் எடுத்துவிடாதீர்கள். தண்ணீரின் பரப்பு இழுவிசை ஸ்கேலுக்குக் கட்டுப்படாது. உங்கள் 18 சென்டிமீட்டர் காரின் பானட்டில் நிற்கும் 4 மில்லிமீட்டர் துளி, திரையில் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தெரியும்!