எழுதினால்தான் செலவு: பள்ளி மானியமும் மின்னணுக் கணக்கும்

மார்ச் மாதம் பிறந்தாலே தலைமையாசிரியர் அறையில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். "மானியம் முழுவதும் செலவாகிவிட்டதா? பயன்பாட்டுச் சான்று அனுப்பியாயிற்றா?" என்று வட்டார வள மையத்திலிருந்து அழைப்பு வரும். சில ஆண்டுகளுக்கு முன்பு இதற்கான பதில் பள்ளியின் வங்கிப் புத்தகத்தில் இருந்தது. இன்று அது கணினித் திரையில் இருக்கிறது. கூடுதல் வேலை என்று நம்மில் பலர் நினைக்கும் இந்த மாற்றம் ஏன் வந்தது என்பதைப் பார்ப்போம்.

பழைய முறையில் பணம் மேலிருந்து கீழே படிப்படியாக வந்தது. மாநில அலுவலகம், மாவட்டம், வட்டாரம், பள்ளி என ஒவ்வொரு படியிலும் ஒரு வங்கிக் கணக்கு. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பணம் போனதுமே மேலே உள்ள ஏட்டில் அது செலவு என்று பதிவாகிவிடும். ஆனால் கழிப்பறைக் குழாய் மாற்றப்பட்டிருக்காது. பணம் வங்கியில் தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு பள்ளியின் கணக்கில் சில ஆயிரம் தங்கினால் பெரிதாகத் தெரியாது. ஒரு நாட்டின் எல்லாப் பள்ளிகளையும், எல்லாத் திட்டங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒருபுறம் தன் பணம் பயனின்றிக் கிடக்க, மறுபுறம் அரசு வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டிருந்தது.

இதைச் சரிசெய்யவே ஒன்றிய நிதி அமைச்சகம் 2021 மார்ச் 23 அன்று ஓர் உத்தரவு பிறப்பித்தது. அது அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஒன்றிய அரசின் நிதி பெறும் ஒவ்வொரு திட்டத்திற்கும் மாநிலத்தில் ஒரே ஒரு முதன்மைக் கணக்குதான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றிய அரசின் 60 பங்கும் மாநில அரசின் 40 பங்கும் அங்கே சேரும். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு இருப்பது பூஜ்ய இருப்புக் கணக்கு. அதில் பணம் இராது. செலவு செய்வதற்கான வரம்பு மட்டுமே இருக்கும். பொது நிதி மேலாண்மை அமைப்பு எனப்படும் பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் நாம் செலவைப் பதிந்து ஒப்புதல் கொடுத்த பிறகே முதன்மைக் கணக்கிலிருந்து பணம் நேராகக் கடைக்காரரின் கணக்குக்குப் போகிறது.

ராயக்கோட்டைப் பக்கம் 80 பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். 30க்கு மேல் 100 வரை பிள்ளைகள் உள்ள பள்ளிக்குத் திட்ட விதிப்படி ஆண்டு மானியம் 25,000 ரூபாய் வரை. அதில் குறைந்தது 10 சதவீதம், அதாவது 2,500 ரூபாய், தூய்மைப் பணிக்கு. பள்ளி குழாயை மாற்றிவிட்டது. பட்டியலும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் வேலைப்பளுவில் கணினியில் ஏற்றாமல் இரண்டு மாதம் கடந்துவிடுகிறது. கடைக்காரருக்குப் பணம் போகாது என்பது நமக்குத் தெரியும். இன்னொன்று நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதே உத்தரவின்படி ஒன்றிய அரசு தன் பங்கை ஒரு தவணைக்கு 25 சதவீதத்துக்கு மேல் விடுவிப்பதில்லை. முந்தைய தவணையில் 75 சதவீதமாவது செலவாகியிருந்தால்தான் அடுத்த தவணையைக் கேட்க முடியும். ஆக, ஏற்றப்படாத அந்தப் பட்டியல் மாநிலக் கணக்கில் 'செலவாகாத பணம்'. நம் பள்ளியின் தாமதம், நாம் பார்த்தேயிராத வேறொரு பள்ளியின் தவணையையும் சேர்த்தே பின்னுக்குத் தள்ளுகிறது.

கடைசி மனிதர் வரை போய்க் கணக்கெழுதும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1791இல் ராயக்கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமானது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் பகுதி கம்பெனியின் ஆட்சிக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து, குடியானவர் ஒவ்வொருவர் பெயரிலும் தீர்வையை எழுதினார்கள். ரயத்துவாரி முறை உருவான களம் இதுவே. அன்று ஒவ்வொருவரிடமும் வாங்குவதற்காக எழுதிய கணக்கு. இன்று ஒவ்வொரு பள்ளிக்கும் கொடுப்பதற்காக எழுதும் கணக்கு. மலைக்கோட்டையைக் காட்டிச் சமூக அறிவியல் பாடம் நடத்தும்போது இந்த வேறுபாட்டையும் மாணவர்களிடம் சொல்லலாம்.

ஆனாலும் திரைக்கு ஓர் எல்லை உண்டு. எவ்வளவு பணம், என்றைக்கு, யாருக்குப் போனது என்பதைத் திரை சொல்லும். குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் பள்ளி மேலாண்மைக் குழுவினர். கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நம் எல்லைப் பகுதியில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பெற்றோர் பலர். ஓசூர் ஆலைகளில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு விளங்காத கணக்கு, எத்தனை துல்லியமாக இருந்தாலும் பாதிக் கணக்குதான்.

எனவே மூன்று காரியங்களைப் பழக்கமாக்கிக்கொள்வோம். பட்டியல் கைக்கு வந்த வாரத்திலேயே பதிவேற்றிவிடுவோம். ரொக்கப் பதிவேட்டையும் திரையையும் மாதம் ஒருமுறை ஒப்பிடுவோம். குழுக் கூட்டத்தில் வரவு, செலவு, மீதி வரம்பு ஆகிய மூன்று எண்களையும் பெற்றோருக்குப் புரியும் மொழியில் வாசிப்போம். முடிந்தால் வாங்கிய பொருளையும் நேரில் காட்டுவோம். ஏழாம் வகுப்பில் சதவீதம் நடத்தும்போது நம் பள்ளியின் மானியத்தையே கணக்காகக் கொடுப்போம்.

நம் சம்பளமும் இன்று களஞ்சியம் வழியாகத்தான் வருகிறது. பணிப்பதிவேட்டில் ஒரு தேதி தவறாக ஏறினால் என்ன ஆகும் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். நம் கணக்கைப் பார்க்கும் அதே கவனத்தோடு பிள்ளைகளின் கணக்கையும் பார்த்தால், அடுத்த மார்ச் மாதம் பரபரப்பு இராது. குழாயில் தண்ணீர் இருக்கும்.